ஈபே ஃபீட்பேக்: படிப்பது, எழுதுவது, பதில் சொல்வது

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ஒரு பழைய வெள்ளி ரூபாயை ஏலம் கேட்பவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாது. விற்பவரையும் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண், ஒரு சதவீதம், கீழே முன்பு வாங்கியவர்கள் எழுதிப் போன சில வரிகள். நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இவ்வளவுதான் இருக்கிறது. கோபத்தில் எழுதிய ஒரு வரி நேர்மையான சிறு வியாபாரியின் பிழைப்பைக் கெடுக்கும். எழுத வேண்டியதை எழுதாமல் விட்டால் அடுத்து வருகிறவர் பணத்தை இழப்பார். ஆகவே ஃபீட்பேக் என்ற இந்த மதிப்புரையை எழுதுவதை வாங்கும் வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரு பக்கமும் ஏன் சமமாக இல்லை

ஈபே 1995-இல் தொடங்கியது. ஃபீட்பேக் முறை 1996 பிப்ரவரியில் வந்தது. வாங்குபவர், விற்பவர் இருவரும் ஒருவருக்கொருவர் பாசிட்டிவ், நியூட்ரல், நெகட்டிவ் மூன்றில் எதையும் கொடுக்கலாம் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. நடைமுறையில் விற்பவர்கள் பலர் முதலில் எழுதாமல் காத்திருந்தார்கள். வாங்கியவர் நெகட்டிவ் போட்டால் பதிலுக்கு அவருக்கும் ஒரு நெகட்டிவ் விழுந்தது. அந்தப் பயத்தில் குறை இருந்தும் பலர் வாயைத் திறக்கவில்லை. பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் ஸெக்ஹவுஸர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ஆம் ஆண்டின் ஈபே தரவுகளைப் பார்த்தபோது, வாங்கியவர்கள் எழுதிய ஃபீட்பேக்கில் நெகட்டிவ் 0.6 சதவீதம்தான் இருந்தது. பாதிக்குச் சற்றுக் கூடுதலான விற்பனைகளுக்கு மட்டுமே வாங்கியவர்கள் எதையாவது எழுதியிருந்தார்கள். மீதிப் பேரின் மௌனத்தில் எவ்வளவு குறை ஒளிந்திருந்தது என்பது அந்த எண்ணில் தெரியாது.

2008 மே மாதத்திலிருந்து விற்பவர் வாங்குபவருக்கு பாசிட்டிவ் மட்டுமே கொடுக்க முடியும். பாசிட்டிவ் பொத்தானை அழுத்திவிட்டு எழுத்தில் திட்டுவதற்கும் தடை உண்டு. விற்பவர்களுக்கு இது இன்றும் ஆறாத மனக்குறை. ஆனால் மாற்றம் சரியானதே: பணத்தை முன்னால் கொடுத்துவிட்டுப் பொருளுக்காகக் காத்திருப்பவர் வாங்குபவர், உண்மையைச் சொல்ல அவருக்குப் பயம் இருக்கக் கூடாது. தங்கும் வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளம் 2014-இல் வேறு வழியைப் பிடித்தது. இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது 14 நாள் கழியும்வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பழிவாங்க இடமில்லாமல் இரு பக்கமும் பேசலாம் என்பதால் அது இன்னும் நல்ல ஏற்பாடு.

ஏலம் கேட்கும் முன் படிப்பது எப்படி

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண் மொத்தப் புள்ளி. பாசிட்டிவுக்கு ஒன்று கூடும், நெகட்டிவுக்கு ஒன்று குறையும், நியூட்ரலால் மாற்றமில்லை. ஒரே நபர் ஒரே வாரத்தில் பத்துப் பொருள் வாங்கிப் பத்து பாசிட்டிவ் போட்டாலும் ஒரு புள்ளிதான். சதவீதம் வேறு கணக்கு: கடந்த 12 மாதத்தில் வந்த பாசிட்டிவை, பாசிட்டிவும் நெகட்டிவும் சேர்ந்த தொகையால் வகுத்து வருவது.

இந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 40 பாசிட்டிவும் ஒரே ஒரு நெகட்டிவும் வாங்கியவர் 97.6 சதவீதத்தில் நிற்பார். 20,000 ஃபீட்பேக்கில் 300 நெகட்டிவ் வாங்கியவர் 98.5 சதவீதத்தில் இருப்பார். முதலாமவருக்கு விழுந்த அடி தபால்காரர் செய்த தாமதமாகக்கூட இருக்கலாம். இரண்டாமவரின் 300-ஐத் திறந்து படித்தால்தான் விஷயம் தெரியும். "தாமதம்" என்று பலர் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். "போலி", "படத்தில் இருந்தது வேறு", "பணத்தைத் திருப்பித் தரவில்லை" என்று ஐந்தாறு பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் சதவீதம் எவ்வளவு இருந்தாலும் விலகிவிடுங்கள். நெகட்டிவையும் நியூட்ரலையும் மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி ஃபீட்பேக் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்து, அந்தப் புள்ளிகள் விற்றுச் சம்பாதித்தவையா, வாங்கிச் சம்பாதித்தவையா என்று பாருங்கள். விற்பவராகப் பெற்றது, வாங்குபவராகப் பெற்றது இரண்டும் தனித்தனியாகக் காட்டப்படும். 500 புள்ளி உள்ள கணக்கில் 495 வாங்கியதற்குக் கிடைத்ததாக இருக்கலாம். விற்பவர்கள் இப்போது பாசிட்டிவ் மட்டுமே போட முடியும் என்பதால் அந்த 495-க்கு விற்பனையில் ஒரு மதிப்பும் இல்லை.

புள்ளியை விலைக்கு வாங்கும் தந்திரமும் பழையது. ஒரு சென்ட்டுக்கு மின்னூல் கோப்பு விற்று, இருவரும் பாசிட்டிவ் போட்டுக்கொண்டு புள்ளியை ஏற்றுவது ஒரு காலத்தில் பெருகியது. அதனால்தான் 2008-இல் ஈபே டிஜிட்டல் கோப்புகளை ஏலத்திலிருந்து விலக்கியது. வடிவம் மாறினாலும் அடையாளம் அதேதான்: நூறு பாசிட்டிவும் மலிவான ஸ்டிக்கருக்கும் செல்போன் உறைக்கும் வந்தவை, இன்று திடீரென்று விலை உயர்ந்த கேமரா விற்பனைக்கு வருகிறது என்றால் ஒதுங்குவது நல்லது.

வாங்கியவர் எழுதுவது: வரிசை முக்கியம்

ஃபீட்பேக் எழுத 60 நாள் அவகாசம் உண்டு. பொருள் வராவிட்டாலோ விவரத்துக்கு மாறாக இருந்தாலோ புகார் தர 30 நாள்தான். பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்தும், வராத பொருளுக்கு அது வந்திருக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்தும் இதைக் கணக்கிட வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கோபத்தில் முதலில் நெகட்டிவ் போட்டுவிட்டு, புகாரைத் தள்ளிப்போட்டு, 30 நாளைத் தவறவிடுகிறார்கள். ஃபீட்பேக்கால் பணம் திரும்பி வராது, புகாரால்தான் வரும். தவிர, எழுதிய ஃபீட்பேக்கை நீங்களாக மாற்ற முடியாது. விற்பவர் கேட்டால்தான் அந்த வழி திறக்கும்.

பார்சல் வந்ததும் பிரிப்பதற்கு முன் உறையை நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிறகு விற்பனைப் பக்கத்தின் விவரத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். படத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, எழுத்தில் தெளிவாகச் சொன்ன கீறலுக்கு நெகட்டிவ் போடுவதுதான் வாங்குபவர்கள் செய்யும் அநியாயங்களில் மிகச் சாதாரணமானது. அடுத்து அளந்து பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் என்றால் எடை 11.66 கிராம் இருக்க வேண்டும், காந்தத்தில் ஒட்டக் கூடாது. தேய்மானத்தால் எடை சற்றுக் குறையலாம். 9 கிராம் காட்டினால் அது தேய்மானம் இல்லை. தராசின் மேல் நாணயம் இருக்கும்போதே, எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். "போலி மாதிரி தெரிகிறது" என்ற சந்தேகத்தை யாரும் மறுக்கலாம். தராசுப் படத்தை மறுப்பது கடினம்.

குறை உறுதியானால் ஈபேயின் செய்திப் பெட்டி வழியாகவே எழுதுங்கள். வாட்ஸாப்புக்கோ தனி மின்னஞ்சலுக்கோ போனால் பின்னால் ஈபே அதைப் பார்க்க முடியாது. செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: "வணக்கம். நாணயம் 12-ஆம் தேதி வந்தது. எடை 9.2 கிராம் இருக்கிறது, விவரத்தில் 11.6 என்று போட்டிருந்தீர்கள். படம் இணைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பிப் பணம் பெற விரும்புகிறேன்." இதில் ஃபீட்பேக் என்ற சொல்லே வரக் கூடாது. "பாதிப் பணம் தராவிட்டால் நெகட்டிவ் போடுவேன்" என்பது ஈபே விதியின்படி மிரட்டல். அப்படி எழுதினால் குறை உண்மையாகவே இருந்தாலும் அந்தச் செய்தியே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

அடுத்து முறைப்படி திருப்பி அனுப்பும் கோரிக்கையைத் திறங்கள். முன்பு சொன்ன புகார் இதுதான். விற்பவருக்கு மூன்று வேலை நாள் உண்டு. அதற்குள் தீர்வு வராவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். எல்லாம் முடிந்த பிறகு ஃபீட்பேக் எழுத உட்காருங்கள். அப்போதுதான் குறை என்ன என்பதோடு, குறை வந்தபோது விற்பவர் எப்படி நடந்துகொண்டார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். படிப்பவருக்கு அதிகம் உதவுவது அந்த இரண்டாவது தகவல்தான்.

எதைப் போடுவது? பொருள் தவறாக இருந்தும் வாக்குவாதமில்லாமல் உடனே பணம் திரும்ப வந்தால் நெகட்டிவ் நியாயமில்லை. நடந்ததை எழுதி நியூட்ரலோ பாசிட்டிவோ போடலாம். பொருளும் தவறு, பதிலும் இல்லை, ஈபே தலையிட்டுத்தான் பணம் வந்தது என்றால் தயங்காமல் நெகட்டிவ் போடுங்கள். எழுத்தில் தேதியும் எண்ணும் இருக்கட்டும். "மோசமான ஆள், ஏமாற்றுக்காரன்" என்பதால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "11.6 கிராம் என்று சொல்லி 9.2 கிராம் அனுப்பினார். மூன்று செய்திக்கும் பதில் இல்லை. ஈபே மூலம் பணம் கிடைத்தது" என்பதைப் படிப்பவர் தானே முடிவெடுப்பார்.

நான்கு நட்சத்திர மதிப்பீடுகள் தனி: விவரம் சரியா, தொடர்பு எப்படி, அனுப்பிய வேகம், அனுப்பும் கட்டணம். வேகத்தைக் கணிக்க ட்ராக்கிங் பக்கத்தில் தபால் நிலையம் பார்சலை ஏற்றுக்கொண்ட தேதியைப் பாருங்கள். பணம் கட்டிய மறுநாளே ஏற்றிருந்தால் விற்பவர் தன் வேலையை முடித்துவிட்டார். அதன்பின் சுங்கத்தில் இரண்டு வாரம் கிடந்ததற்கு அவர் பொறுப்பில்லை. இறக்குமதி வரிக்கும் அப்படியே. கட்டணத்தை ஏலம் கேட்கும் முன்பே பார்த்து ஒப்புக்கொண்டீர்கள், அதற்குப் பின்னால் நட்சத்திரத்தைக் குறைப்பது சரியல்ல.

நெகட்டிவ் வாங்கிய விற்பவருக்கு

அன்றே பதில் எழுதாதீர்கள். ஃபீட்பேக்குக்குக் கீழே ஒரே ஒரு பதில்தான் எழுத முடியும், அது உங்கள் பக்கத்திலேயே தங்கிவிடும். முதலில் வாங்கியவருக்குச் செய்தி அனுப்பி, குறையைத் தீர்த்துவிட்டு, அதன்பின் ஃபீட்பேக்கைத் திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். ஃபீட்பேக் வந்த 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வாங்கியவருக்கு 10 நாள் அவகாசம். நீங்கள் பெறும் 1,000 ஃபீட்பேக்குக்கு ஆண்டுக்கு ஐந்து கோரிக்கைதான் என்பதால், தீர்வு கொடுக்காமல் அனுப்பி வீணாக்காதீர்கள். "திருத்தினால்தான் பணம் தருவேன்" என்று சொல்லவே கூடாது. அதுவும் விதிமீறல்.

எழுதியது பொய் என்பதற்காக மட்டும் ஈபே ஃபீட்பேக்கை நீக்கிவிடாது. இரு பக்க வாதத்தைக் கேட்டு அது தீர்ப்புச் சொல்வதில்லை. கெட்ட வார்த்தை, தனிப்பட்ட விவரம், மிரட்டல் ஆகியவை இருந்தால் புகார் கொடுக்க வழி உண்டு. வாங்கியவர் ஒத்துக்கொள்ளாதபோது அந்த ஒரு பதிலைப் பயன்படுத்துங்கள். அது அவருக்காக இல்லை, அடுத்து வாங்கப்போகிறவருக்காக. "3-ஆம் தேதி அனுப்பினோம், தபாலில் தாமதம். 15-ஆம் தேதி முழுப் பணமும் திருப்பித் தந்துவிட்டோம்" என்று நிறுத்திவிடுங்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் திட்டினால் படிப்பவர் உங்களைத்தான் தவறாக நினைப்பார்.

ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாதவர்களுக்கு நெகட்டிவ் போட முடியாதே என்று வருந்த வேண்டாம். நான்கு நாள் காத்திருந்து, ஐந்தாம் நாளில் "பணம் கட்டவில்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து விற்பனையை ரத்து செய்யுங்கள். அது அவர் கணக்கில் பதிவாகும். வேறு காரணம் காட்டி ரத்து செய்தால் அவர் தப்பிவிடுவார், அடுத்த விற்பவரும் மாட்டுவார். அப்படிப் பதிவான கணக்குகள் உங்கள் பொருளை வாங்க முடியாதபடி வாங்குபவர் நிபந்தனைகளில் அமைத்துக்கொள்ளலாம். தனியாக ஒருவரைத் தடுக்கத் தடைப்பட்டியல் இருக்கிறது. விலை உயர்ந்த பொருளுக்கு யாராவது ஏலம் கேட்டால், அவர் பிறருக்கு எழுதிய ஃபீட்பேக்கைத் திறந்து பாருங்கள். வரிசையாக நெகட்டிவ் போட்டிருப்பவரை ஏலம் முடிவதற்குள் விலக்குவது உங்கள் உரிமை.

நேரத்தில் பணம் கட்டியவருக்கு அன்றே பாசிட்டிவ் போட்டுவிடுங்கள். அவர் கடமை அத்துடன் முடிந்தது. "நீ முதலில் போடு, பிறகு நான் போடுகிறேன்" என்று காத்திருப்பது 2008-க்கு முந்தைய பழக்கத்தின் மிச்சம்.