கொடியைப் பார்த்துத் துணியை வெட்டுங்கள்: வீட்டிலேயே துணி நாப்கின் தைக்கும் முறை

மாதவிடாய்க்குத் துணி நாப்கின் தைக்கலாம் என்று கிளம்பியதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் துணி நல்லா உறிஞ்சும்?" என்பதுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, உங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொடி எங்கே இருக்கிறது என்பதை. வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி பக்கம் ஒண்டுக்குடித்தனத்திலோ ஹவுசிங் போர்டு வீட்டிலோ இருப்பவர்களுக்கு இது சொன்னதுமே புரியும். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கடற்காற்றில் எந்நேரமும் ஈரப்பதம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் துண்டுகூட ஒரு நாளில் காயாது.

கடைகளில் கிடைக்கும் துணி நாப்கின்களில் நிறைய, பல அடுக்கை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தவை. நன்றாக உறிஞ்சும். ஆனால் தொட்டுப் பார்த்தால் மேலே காய்ந்திருக்கும், நடு அடுக்கில் ஈரம் நிற்கும். நாற்றமும் பூஞ்சையும் அரிப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. வெயில் நேராக விழும் சொந்த மாடி இருந்தால் அந்த வகை சரி. மற்றவர்களுக்கு இரண்டு பாகமாகத் தைப்பதுதான் நல்லது: உள்ளாடையில் மாட்டிக்கொள்ள ஒரு உறை, அதன்மேல் மடித்து வைக்க ஒரு தனித்துணி. தனித்துணியைப் பிரித்தால் ஒற்றை அடுக்குதான், சீக்கிரம் காயும். கொடியில் தொங்கினாலும் பார்ப்பவர்களுக்கு அது கைக்குட்டை. இது சின்ன விஷயமில்லை.

தைக்காமல் வாங்கப்போகிறீர்கள் என்றால், மறுபடி பயன்படுத்தும் நாப்கின்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021-ல் கொண்டுவந்த ஐ.எஸ். 17514 என்ற தரநிலை இருக்கிறது. அட்டையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னென்ன வேண்டும்

தனித்துணிக்குப் பழைய பருத்தி லுங்கி, பருத்திப் புடவை, வேட்டி எல்லாம் அருமை. பல தடவை துவைத்து மென்மையான துணிதான் நன்றாக உறிஞ்சும். புதிய துணி என்றால் பிளானல் வாங்குங்கள், குழந்தைத் துணி தைக்க எடுப்பார்களே, அது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள், கட் பீஸாகக் கிடைத்தாலே போதும். பாலியஸ்டர் கலந்த துணியை எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: பருத்தி உடனே குடித்துவிடும், பாலியஸ்டரில் முத்தாக நிற்கும். ஆனால் புதிய பருத்தியிலும் கஞ்சி இருந்தால் நிற்கும் என்பதால், ஒரு தடவை அலசிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

உறையின் மேல்பக்கத்துக்கு பிளானல். அடிப்பக்கத்துக்கு நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தி, அல்லது பி.யூ.எல். என்ற நீர்புகாத் துணி. துணி டயப்பர்களின் வெளிப்பக்கம் இருக்குமே, அதுதான். ரெயின்கோட் துணியை வெட்டிப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சென்னை வெயிலுக்கு வேர்த்து, தொடை இடுக்கில் புண்ணாகிவிடும்.

அப்புறம் பிரஸ் பட்டன், அரை இன்ச் அகலப் பருத்தி நாடா, 14-ம் நம்பர் ஊசி. மெல்லிய ஊசி போட்டால் அடுக்குகளில் உடையும்.

தைக்கும் முறை

முதலில் எல்லாத் துணியையும் துவைத்துக் காயவையுங்கள். சோம்பல்பட்டு இதை விட்டால், தைத்த பிறகு மேல்துணி சுருங்கி உறை படகு மாதிரி வளைந்துவிடும்.

செய்தித்தாளில் உறையின் அளவை வரையுங்கள். நீளம் பத்தரை இன்ச். இரண்டு முனைகளிலும் அகலம் மூன்றரை இன்ச், ஓரம் வட்டமாக. நடுவில் மூன்று இன்ச் நீளத்துக்கு இரு பக்கமும் இறக்கை விரிய வேண்டும். அந்த இடத்தில் மொத்த அகலம் ஏழு இன்ச். இதில் சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குப் போகும். காகிதத்தை நடுவில் மடித்து வரைந்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்.

இதை வைத்து மேல்துணியில் ஒன்று, அடித்துணியில் ஒன்று வெட்டுங்கள். மேல்துணியின் நல்ல பக்கத்தில், முனையிலிருந்து ஒன்றரை இன்ச் தள்ளி, குறுக்காக நாடாவை வையுங்கள். மறுமுனையிலும் அப்படியே. நாடாவை நான்கு இன்ச்சாக வெட்டி, சற்றுத் தொய்வாக விட்டு, இரு ஓரத்திலும் பிடித்துத் தையுங்கள். இழுத்துத் தைத்தால் மடித்த துணி உள்ளே நுழையாது.

இப்போது இரண்டு துணியின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, கால் இன்ச் விட்டுச் சுற்றித் தையுங்கள். முனைக்கும் இறக்கைக்கும் நடுவே நேராகப் போகும் இடத்தில் இரண்டு இன்ச் தைக்காமல் விடுங்கள். வளைவுகளில், முக்கியமாக இறக்கை தொடங்கும் மூலையில், தையலை வெட்டிவிடாமல் சின்னச் சின்னதாகக் கத்தரித்துவிடுங்கள். விட்ட இடைவெளி வழியாக உள்வெளியாகத் திருப்பி, ஓரத்தை விரலால் நீவி, சுற்றி ஒரு மேல்தையல் போட்டால் இடைவெளியும் மூடிவிடும். பி.யூ.எல். போட்டவர்கள் நடுப்பகுதியில் குண்டூசி குத்தாதீர்கள், ஓட்டை வழியே கசியும். துணி கிளிப் போதும்.

இறக்கை ஓரத்திலிருந்து அரை இன்ச் உள்ளே பட்டன் வரும். ஒன்றில் மேல்பக்கம், மற்றதில் அடிப்பக்கம். பூட்டும்போது உறையின் அகலம் ஏறக்குறைய இரண்டே முக்கால் இன்ச் இருக்கும், சாதாரண உள்ளாடைக்குச் சரியாக உட்காரும். உங்கள் உள்ளாடை அகலமாக இருந்தால் பட்டனை ஓரத்துக்கு நகர்த்துங்கள்.

தனித்துணி இன்னும் எளிது. ஒன்பதுக்குப் பத்து இன்ச் துண்டு வெட்டி, நான்கு ஓரத்தையும் அரை இன்ச் மடித்து அடியுங்கள். அகலவாட்டில் மூன்றாக மடித்து நாடாக்களுக்குள் செருகினால் முடிந்தது. அதிகம் போகும் நாளில் இரண்டு துணியைச் சேர்த்து மடியுங்கள்.

எத்தனை வேண்டும்? ஒரு நாளைக்கு நான்கு தடவை மாற்றுவீர்கள், மழையில் காய இரண்டு நாள் ஆகும் என்று வைத்தால் எட்டு. அதற்குமேல் இரண்டு மூன்று கூடுதலாக. உறை நான்கு போதும்.

துவைப்பதும் காயவைப்பதும்

மேல்வீட்டு ஆயா நான் தைப்பதைப் பார்த்து, "நாங்க கட்டாத துணியா? இதுக்குப் போய் இவ்ளோ அளவு பாக்குற" என்று சிரிப்பார். அவர் கட்டிய துணியில் குறை இல்லை. யார் கண்ணிலும் படக்கூடாதென்று கதவிடுக்கிலும் பாத்ரூம் ஆணியிலும் காயவைத்தார்களே, அதில்தான் வினை.

கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், ரத்தத்தில் உள்ள புரதம் இறுகிக் கறை பிடித்துவிடும். நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கட்டிச் சோப்பு அதில் நுரைக்காமல் வெள்ளையாகத் துணியில் படியும், நாளடைவில் துணி முரடாகி உறிஞ்சாது. அதனால் சோப்புத்தூள் போட்டு, கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு குடம் மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் விடும் தண்ணீர்) எடுத்து வையுங்கள். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் திரவம் வேண்டாம், அது இழையில் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். டெட்டாலும் அவசியமில்லை, சரியாக அலசாமல் தங்கினால் எரிச்சல் வரும்.

மாடியில் வெயிலில் விரித்துப் போடுங்கள். கூச்சமாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய தாவணி போடலாம், கெட்டிப் புடவை கூடாது. மழை நாளில் ஃபேனுக்கு அடியில் காயவைத்து, முழுசாகக் காய்ந்ததும் தனித்துணியை நன்றாகச் சூடாக இஸ்திரி போடுங்கள். பி.யூ.எல். உறையில் இஸ்திரி படக்கூடாது. சந்தேகமாக இருந்தால் துணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை.

நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் கழற்றியதை மடித்துப் பட்டன் போட்டு, ஜிப் வைத்த சின்னப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலசுங்கள். அரிப்போ, நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ இருந்தால், இல்லை மணிக்கொரு தடவை மாற்றும் அளவுக்குப் போனால், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

துணி நைந்து வெளிச்சம் தெரிந்தாலோ, துவைத்த பிறகும் வாடை அடித்தாலோ தனித்துணியை மாற்றிவிடுங்கள். உறை பழசானால் பட்டனைப் பிரித்து எடுத்து வையுங்கள், அடுத்த உறைக்கு ஆகும்.