ஸ்டார்ட் லைன்ல நிக்கவே மாட்டேங்குற நாயை அஜிலிட்டிக்கு தயார் பண்றது எப்படி

எங்க நாய் மணிக்கு ஓட யாரும் சொல்லித்தர வேணாம், ஓடாம இருக்கத்தான் சொல்லித்தரணும். முதல் போட்டியில நான் லீஷைக் கழட்டி ரெண்டு அடி வெக்கறதுக்குள்ள தலைவர் கிளம்பிட்டார், முதல் ரெண்டு ஜம்ப் தாண்டி, மூணாவதை விட்டுட்டு நேரா ஏழாம் நம்பர் டனல்ல பூந்து, வெளிய வந்து ஜட்ஜ்கிட்ட போய் வாலாட்டினார். தடைங்க வரிசை மாறினா எலிமினேஷன், போட்டியில இருந்து வெளிய, அவ்வளவுதான். அதை சரி பண்ண எனக்கு நாலு மாசம் ஆச்சு, உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

அஜிலிட்டின்னா ஜம்ப், டனல், வீவ் போல் (வளைஞ்சு வளைஞ்சு நுழைஞ்சு போற கம்பி வரிசை), ஏ-ஃப்ரேம் (கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரிஞ்ச பலகை), சீசா (ஏத்த இறக்கப் பலகை) இதையெல்லாம் ஜட்ஜ் போட்ட நம்பர் வரிசையில லீஷ் இல்லாம நாய் தாண்டணும், நாம கூட ஓடி வழி காட்டணும், நாயையோ தடையையோ தொடக்கூடாது. 1978ல க்ரஃப்ட்ஸ் நாய் கண்காட்சியில நடுவுல கூட்டத்துக்கு பொழுதுபோகட்டும்னு, குதிரைங்க தடை தாண்டுற போட்டியைப் பார்த்து ஆரம்பிச்சது இது. உக்காரு, வா, இரு இந்த மூணும் உங்க நாய்க்கு தெரியும்னு வெச்சுக்கிட்டு மேல போறேன்.

ஸ்டெப் 1: வயசு, எலும்பு

எஃப்.சி.ஐ. (சர்வதேச நாய் சங்கங்களோட கூட்டமைப்பு) விதிப்படி 18 மாசம் ஆகாம போட்டியில இறக்க முடியாது. பயிற்சி முன்னாடியே ஆரம்பிக்கலாம், ஆனா எலும்பு வளர்ந்து முடியற வரைக்கும் ஜம்ப் கம்பி தரையிலயே கிடக்கட்டும். கால்நடை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. வழவழ தரையில மட்டும் வேணவே வேணாம், வழுக்கி விழுந்த நாய் அடுத்த தடவை அந்த தடை பக்கமே வராது.

ஸ்டெப் 2: பொம்மை

பரிசா குடுக்க பந்து வேணாம், இழுத்து விளையாடற டக் கயிறு வாங்குங்க. பந்தை வாயில கவ்வினதும் அது பாட்டுக்கு தனியா ஓடி விளையாடும், கயிறுன்னா இன்னொரு முனையில நாம இருந்தாதான் விளையாட்டு, அதனால திரும்பி நம்மகிட்டயே வரும். "விடு"ன்னா உடனே விடணும், அது வந்தப்புறம்தான் அடுத்தது. கிளிக்கர் (சரியா செஞ்சதும் அமுக்கி க்ளிக்னு சத்தம் குடுக்கற குட்டிக் கருவி) நல்லதுதான், ஆனா லீஷ், ட்ரீட், கயிறு, கிளிக்கர் எல்லாம் பிடிக்க எனக்கு கை ரெண்டுதான் இருக்கு, அதனால தூக்கிப் போட்டுட்டேன், சரியா செஞ்சா "யெஸ்"னு சொல்றதோட சரி.

டனல் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, சின்னதா சுருக்கி நேரா வெச்சு ஆரம்பிங்க, உருளாம ரெண்டு பக்கமும் மணல் மூட்டை முட்டு குடுங்க.

ஸ்டெப் 3: ஸ்டார்ட் லைன் (நான் மாட்டிக்கிட்ட இடம்)

வீட்ல மணி அஞ்சு நிமிஷம் அசையாம இருப்பான். கோர்ஸ்ல, அதாவது தடைங்க போட்ட இடத்துல மட்டும் பிச்சுக்கிட்டு போவான். கொழுப்புன்னு திட்டிட்டு இருந்தேன், அப்புறம் ஒரு ஃப்ரெண்டு எடுத்த வீடியோவை ஸ்லோ மோஷன்ல போட்டுப் பார்த்தா தப்பு என்மேல. நான் "போ"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே என் வலது கை மேல எழும்புது, தோள் சாயுது. அவன் அதைப் பார்த்துத்தான் கிளம்பறான். நாய்ங்க வார்த்தையை விட உடம்பைத்தான் முதல்ல படிக்கும், அவனைக் கேட்டா "நீதானே போகச் சொன்ன"ன்னு சொல்லியிருப்பான்.

இதுக்கு செஞ்சது: அவனை உக்கார வெச்சு பக்கத்துலயே நின்னு, ரெண்டு கையும் பாக்கெட்ல, உடம்பை துளிகூட அசைக்காம வார்த்தையை மட்டும் சொல்றது. அது பழகினப்புறம் தலைகீழா, வார்த்தை சொல்லாம கை வீசறது, குனியறது, ஒரு அடி ஓடறது. அசையாம இருந்தா நான் திரும்பி நடந்து வந்து அவன் உக்காந்திருக்கிற இடத்துலயே ட்ரீட். பத்து தடவைல ஏழு தடவை இப்படி திரும்பி வந்து குடுங்க, மூணு தடவை மட்டும் ஓட விடுங்க, இல்லன்னா நீங்க தள்ளிப் போனாலே ஓட்டம்தான்னு அது முடிவு பண்ணிடும். எழுந்துட்டா திட்டாதீங்க, சத்தமில்லாம கூட்டிட்டு வந்து மறுபடி உக்கார வெச்சு, தூரத்தைக் குறைச்சு செய்யுங்க.

இன்னொரு கூத்து, "போதும்"னு யார்கிட்டயோ ஃபோன்ல சொன்னேன், கிளம்பிட்டான்! "போ"ல ஆரம்பிக்கிற வார்த்தை நம்ம பேச்சுல எத்தனை இருக்குன்னு அன்னிக்குத்தான் உறைச்சது. இப்போ எங்க வார்த்தை "பற". தினமும் வாயில வராத வார்த்தையா பார்த்து வைங்க.

ஸ்டெப் 4: வீவ், கான்டாக்ட்

வீவ் போல் 12, நடுவுல 60 செ.மீ. இடைவெளி, முதல் கம்பி எப்பவும் நாயோட இடது தோள் பக்கம் இருக்கணும். முதல்லயே 12 நட்டுடாதீங்க, ரெண்டே ரெண்டு கம்பி வெச்சு உள்ள நுழையறதை எல்லா கோணத்துலயும் பழக்குங்க. துள்ளுற நாய் தப்பு பண்றது பெரும்பாலும் நுழையற இடத்துலதான்.

ஏ-ஃப்ரேம் கீழ்ப்பகுதியில வேற கலர் அடிச்சிருக்கும், அதுதான் கான்டாக்ட், அதுல கால் படாம குதிச்சா 5 ஃபால்ட் (தப்புப் புள்ளி), ஜம்ப் கம்பி விழுந்தாலும் அதேதான். முன்னங்கால் தரையில, பின்னங்கால் பலகையில வெச்சு நிக்கப் பழக்கினா தப்பிக்கலாம். சீசால பயம் சாய்வுல இல்ல, பலகை டப்புனு அடிக்கிற சத்தத்துல, அதனால ஆரம்பத்துல கீழ தலையணை போடுங்க.

ஸ்டெப் 5: போட்டி நாள்

நாய் இல்லாம கோர்ஸை நடந்து பார்க்க நேரம் குடுப்பாங்க. நம்பரை மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க, எங்க திரும்பணும், அப்போ நீங்க எந்தப் பக்கம் நிக்கணும்னு ஓடியே பாருங்க. ரிங்குக்குள்ள ட்ரீட்டும் பொம்மையும் கூடாது, வெளிய வெச்சுட்டு முடிச்சதும் ஓடிப்போய் குடுங்க.

அப்டேட்: ஓடும்போது நாய் குரைச்சு கையைக் கவ்வுதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் நீங்க லேட்டா சொல்றீங்கன்னு அர்த்தம். அடுத்தது எங்கன்னு தெரியாம அது கடுப்பாகுது. ஜம்ப் மேல எழும்பறதுக்கு முன்னாடியே அடுத்த திசையை சொல்லிடுங்க.

அப்டேட் 2: "பயிற்சில நிக்குது, போட்டியில நிக்கல"ன்னு கேட்டவருக்கு: லீஷ் கழட்டற க்ளிக் சத்தமே உங்க நாய்க்கு சிக்னல் ஆகியிருக்கும். வீட்ல சும்மா இருக்கும்போது லீஷைக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, ஒவ்வொரு தடவையும் அசையாததுக்கு ட்ரீட் குடுங்க, ஓட விடவே வேணாம். மணிக்கு ரெண்டு வாரம் ஆச்சு.