போர் நூலைப் பின்னாலிருந்து புரட்டுங்கள்

ஒரே போரைப் பற்றி இரண்டு தடித்த ஆய்வு நூல்கள் கண்முன் இருக்கின்றன. எதை எடுப்பது? பின்னட்டைப் புகழுரையைப் படித்துவிட்டு முடிவெடுப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பார்க்க வேண்டியது அந்தப் பின்னட்டைக்கு முந்தைய பக்கங்கள். குறிப்புகளும் நூற்பட்டியலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆசிரியர் எந்த ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்தார், எந்தெந்த மொழிகளில் படித்தார்? ஈரான்–ஈராக் போரை (1980–88) ஆராயும் நூலில் பாரசீக மூலமும் இல்லை, அரபு மூலமும் இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அடுத்த தவறு, முதலில் எப்போது வெளிவந்தது என்று பார்க்காதது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தால் மறைத்து அனுப்பிய செய்திகளைப் பிரிட்டன் உடைத்துப் படித்த கதை 1974-ல்தான் பரவலாக வெளியே வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட அட்லாண்டிக் கடற்போர் வரலாறுகளில் அந்தப் பாதி அப்படியே விடுபட்டிருக்கும். கொரியப் போரும் அப்படித்தான். 1950-ல் வட கொரியா படையெடுக்க ஸ்டாலின் சம்மதம் கொடுத்ததைக் காட்டும் சோவியத் ஆவணங்கள் 1990-களில்தான் ஆய்வாளர்கள் கைக்கு வந்தன. அதற்காகப் பழைய நூலை ஒதுக்கிவிட வேண்டாம். போரில் இருந்தவர்கள் உயிரோடு இருந்தபோது அவர்களிடம் நேரில் கேட்டு எழுதியதாக இருக்கலாம். புதிய அட்டைக்குள் முப்பது வருடப் பழைய நூல் மறுபதிப்பாக ஒளிந்திருப்பதும் உண்டு.

இறந்தோர் எண்ணிக்கையை அந்த நூல் எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். நான் முதலில் புரட்டுவது அதைத்தான். போஸ்னியப் போரில் (1992–95) இரண்டு லட்சம் பேர் இறந்ததாகப் பல வருடங்கள் எழுதினார்கள். போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் இயங்கிய ஓர் ஆய்வு மையம், பெயர் பெயராகத் தேடித் தொகுத்து 2007-ல் வெளியிட்ட கணக்கு 97,207. பின்னால் வந்த நூல் ஒன்று பழைய எண்ணையே விளக்கமில்லாமல் எழுதினால், மற்ற விவரங்களை எவ்வளவு சரிபார்த்திருப்பார்கள்?

அப்புறம், தளபதியின் நினைவுக் குறிப்பை ஆய்வு நூல் என்று எண்ணிவிடாதீர்கள், அது சாட்சியம். பல பேர் எழுதிய கட்டுரைத் தொகுப்பு, போரின் போக்கு ஓரளவு தெரிந்த பிறகு படிக்க வேண்டியது. வரைபடம் இல்லாத எல்லைப் போர் நூலை நான் தொடுவதே இல்லை.

பதிப்புரிமைப் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். பிரிட்டனில் ஒரு தலைப்பு, அமெரிக்காவில் வேறு தலைப்பு என்று ஒரே நூல் வருவதுண்டு. அப்படி ஒன்றை இரண்டு முறை வாங்கி, மூன்றாம் அத்தியாயம் வரை படித்த பிறகே கண்டுபிடித்தேன்.