நம்ம ஊரு வரலாறையும் ஜனத்தொகையையும் நாமளே எழுதுறது எப்படி

பெரிய கோயிலோ கோட்டையோ இருக்கிற ஊருக்கு ஆள் ஆளுக்கு வரலாறு எழுதிடுறாங்க, ஆனா நாலு தெரு, ரெண்டு குளம், சுத்தி வயல்னு இருக்கிற சின்ன விவசாய கிராமத்துக்கு யாரும் எழுத மாட்டாங்க, அதை அந்த ஊர்க்காரங்க தான் எழுதணும். நான் டெல்டா பக்கம், எங்க ஊருக்காக ரெண்டு வருஷமா இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். தமிழ்நாட்டுல எந்த ஊர்க்காரங்களுக்கும் உதவும்னு, செஞ்ச முறையை அப்படியே எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயத்தை தெளிவு பண்ணிக்கணும், "ஊரு"ன்னா எது? நாம ஊருன்னு சொல்றது ஒண்ணு, வருவாய் கிராமம் இன்னொண்ணு, ஊராட்சி மூணாவது. ஒரு ஊராட்சிக்குள்ள ரெண்டு மூணு வருவாய் கிராமம் வரலாம், ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள அஞ்சாறு குக்கிராமம் இருக்கலாம். சென்சஸ்ல கிராம வாரியா எண்ணிக்கை குடுக்குறது வருவாய் கிராமத்துக்குத்தான். இது புரியாம நான் ஊராட்சி ஆபீஸ்ல சொன்ன தொகையையும் சென்சஸ் தொகையையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, பத்து வருஷத்துல ஊரு பாதியா சுருங்கிடுச்சுன்னு நெனச்சு ஒரு மாசம் அலைஞ்சேன். ரெண்டும் வேற வேற எல்லை, அவ்வளவுதான். அதனால விஏஓ கிட்ட போயி உங்க வருவாய் கிராமத்தோட பேரு, நம்பர் ரெண்டையும் கேட்டு நோட்டுல முதல் பக்கத்துலயே எழுதிடுங்க. ஒரே பேர்ல மாவட்டத்துக்கு நாலு ஊரு இருக்கும், அதுக்கும் இந்த நம்பர் தான் கை குடுக்கும்.

அடுத்து ஜனத்தொகை. கடைசியா முடிஞ்ச சென்சஸ் 2011, அதோட கணக்கு தேதி மார்ச் 1, 2011. 2021ல வர வேண்டியது கொரோனாவால தள்ளிப்போயி இப்ப 2027 மார்ச் 1ஐ கணக்கு தேதியா அறிவிச்சிருக்காங்க. சென்சஸ் வெப்சைட்ல மாவட்ட சென்சஸ் கையேடுன்னு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பிடிஎஃப் இருக்கு, 1951 சென்சஸ்ல இருந்து இந்த கையேடு போடுறாங்க, பழசும் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. 2011 கையேடு ரெண்டு பாகமா இருக்கும், ஒண்ணுல ஊர்ல பள்ளிக்கூடம் இருக்கா, போஸ்ட் ஆபீஸ் இருக்கா, எந்த பாசனத்துல எவ்வளவு நிலம்ங்கிற விவரம், இன்னொண்ணுல வீடு எத்தனை, ஆண் பெண் எத்தனை, படிச்சவங்க, பட்டியல் சாதி, சொந்தமா பயிர் வைக்கிறவங்க, விவசாயக் கூலிங்க எத்தனைன்னு ஊர் வாரியா இருக்கும்.

தேடும்போது மாவட்டம் பிரிஞ்ச கதையை மறந்துடாதீங்க. இப்ப மயிலாடுதுறை மாவட்டத்துல இருக்கிற ஊரை 2011 கையேட்டுல நாகப்பட்டினத்துல தேடணும், 1991 கையேட்டுல தஞ்சாவூர்ல தேடணும், ஏன்னா நாகை பிரிஞ்சது 1991 அக்டோபர்ல, சென்சஸ் எடுத்தது அதுக்கு முன்னாடி. மத்த மாவட்டத்துக்காரங்களும் இதே மாதிரி எப்ப பிரிஞ்சதுன்னு பாத்துட்டு தேடுங்க.

கணக்கு போடுறதுல ரெண்டு இடத்துல தப்பு வரும். படிச்சவங்க சதவீதம் போடும்போது மொத்த ஜனத்தொகையால வகுக்கக் கூடாது, 0-6 வயசு குழந்தைங்களை கழிச்சிடணும். ஒரு ஊர்ல 1,000 பேர், அதுல 0-6 வயசு 100, படிச்சவங்க 720ன்னு வெச்சுக்குங்க, 720ஐ 900ஆல வகுத்தா 80 சதவீதம், 1,000ஆல வகுத்தா 72ன்னு வரும், அது தப்பு. இந்த 7 வயசு கணக்கு 1991 சென்சஸ்ல இருந்து தான், அதுக்கு முந்தின சதவீதத்தோட நேரா ஒப்பிட்டுடாதீங்க. இன்னொண்ணு, வருஷத்துல 6 மாசமோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சவங்க முதன்மைத் தொழிலாளர், அதுக்கு கீழன்னா குறுகிய காலத் தொழிலாளர்னு பிரிச்சிருப்பாங்க. விவசாய ஊர்ல நடவு, களை எடுப்புக்கு போற பொம்பளைங்க நிறைய பேர் ரெண்டாவது பிரிவுல தான் இருப்பாங்க, கையேட்டுல அந்த கட்டத்தை விட்டுட்டா ஊரு வேலையில பாதியை விட்ட மாதிரி.

ஜனத்தொகை ஒரு பத்து வருஷத்துல குறைஞ்சிருந்தா பிரிண்டிங் தப்புன்னு தாண்டிப் போகாதீங்க, அங்கதான் கதை இருக்கு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல செத்தவங்களாலயும் ஊரை விட்டுப் போனவங்களாலயும் 1881 சென்சஸ்ல சென்னை மாகாணத்தோட மொத்தத் தொகையே 1871ஐ விட குறைஞ்சு போச்சு. 1911க்கும் 1921க்கும் நடுவுல இந்தியா முழுக்கவே குறைஞ்சது, 1918 இன்ஃப்ளூயன்சா தான் பெரிய காரணம். டெல்டான்னா சிலோன், மலேயா, பர்மான்னு கப்பல் ஏறிப் போனவங்களையும் யோசிக்கணும்.

இனி நிலம். அ-பதிவேடுன்னு ஒண்ணு இருக்கு, ஊர்ல இருக்கிற ஒவ்வொரு சர்வே நம்பரும், நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா, எவ்வளவு பரப்பு, யாரு பேர்லன்னு எல்லாம் அதுல இருக்கும். இப்ப ஒவ்வொரு நம்பருக்கும் ஆன்லைன்லயே எடுத்துக்கலாம். அதுல புறம்போக்கு பகுதியை மட்டும் உக்காந்து படிங்க, குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு, மந்தை எல்லாம் அங்கதான் இருக்கும், இப்ப இல்லாத குளம்கூட பேரோட நிக்கும். அடங்கல்ல எந்த வருஷம் எந்த நம்பர்ல என்ன பயிர்னு இருக்கும். அதுல வருஷத்தை வருவாய்த் துறை கணக்குல ஃபசலின்னு போட்டிருப்பாங்க, பயப்பட வேண்டாம், 590ஐ கூட்டுனா இங்கிலீஷ் வருஷம், ஜூலை 1ல ஆரம்பிக்கும். ஃபசலி 1390ன்னா 1980 ஜூலைல இருந்து 1981 ஜூன் வரை. சரியா அந்த ஃபசலியில தான், 1980 நவம்பர்ல, பரம்பரையா இருந்த, ஊர்க் கணக்கு எழுதுற கர்ணம், கிராம முன்சீப் வேலையெல்லாம் ஒழிச்சாங்க, அதனால அதுக்கு முந்தின கணக்கு சில ஊர்ல பழைய கர்ணம் வீட்டுப் பரண்லயே தங்கிடுச்சு, மரியாதையா போயி கேட்டுப் பாருங்க. ஜமீன் ஊரா இருந்தா இன்னும் கஷ்டம், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் சர்க்கார் செட்டில்மெண்ட், அதாவது நிலத்தை அளந்து வரி நிர்ணயிக்கிறது, அங்க வந்தது.

வீட்டுல இருக்கிற பழைய பத்திரத்தை விட்டுடாதீங்க. எங்க தாத்தா காலத்து பத்திரம் ஒண்ணுல நான்கெல்லை சொல்ற இடத்துல "வண்டிப்பாதைக்கு வடக்கு, குயவன் குட்டைக்கு மேற்கு"ன்னு இருந்தது. இப்ப அங்க பாதையும் இல்ல, குட்டையும் இல்ல, மண்பாண்டம் செய்யிற குடும்பம் ஒண்ணுகூட ஊர்ல இல்ல. அந்த ஒரு வரியை வெச்சு பெரியவங்களை கேட்டதுல தான் அவங்க எந்த தெருவுல இருந்தாங்க, எப்ப போனாங்கன்னு தெரிஞ்சது. பழைய அளவு டெல்டால இப்படி: 100 குழி ஒரு மா, அது 33 சென்ட், 20 மா ஒரு வேலி, கிட்டத்தட்ட 6.6 ஏக்கர்.

கல்வெட்டு இருந்தா நல்லது, இல்லன்னா வருத்தப்பட ஒண்ணுமில்ல. இருந்தா சுண்ணாம்பை சுரண்டாதீங்க, பெயிண்ட் அடிச்சு எழுத்தை எடுப்பா காட்டவும் வேண்டாம், சாயங்கால வெயில் சாஞ்சு விழும்போது போட்டோ எடுத்து தொல்லியல் துறைக்கு குடுங்க. மத்திய தொல்லியல் துறை 1887ல இருந்தே கல்வெட்டு அறிக்கை போடுது, உங்க ஊரு கல்வெட்டை நூறு வருஷம் முன்னாடியே படி எடுத்திருக்கலாம், அதையும் பாருங்க. சென்னை எழும்பூர்ல இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, பழைய செட்டில்மெண்ட் கணக்கு, மாவட்ட மேனுவல், கெசட்டியர்னு பழைய மாவட்ட விவரப் புத்தகம் எல்லாம் அங்க இருக்கு.

இப்ப சொல்லப் போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். மேல சொன்ன பட்டா, பத்திரம், கல்வெட்டு எல்லாமே நிலம் வெச்சிருந்தவங்க கதை. அந்த நிலத்துல உழுது நட்டு அறுத்தவங்க பேரு அதுல ஒரு இடத்துலயும் வராது, சென்சஸ்ல "விவசாயக் கூலி"ங்கிற கட்டத்துல ஒரு நம்பரா மட்டும் இருப்பாங்க. அதனால காலனித் தெருவுக்கு போகாம எழுதுற ஊர் வரலாறு பாதி வரலாறுகூட இல்ல. தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னு 1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப உங்க ஊர்ல என்ன நடந்தது, யாரை வேலைய விட்டு நிறுத்துனாங்க, கூலி நெல்லு எத்தனை மரக்கால்னு கேட்டா, அந்த தெரு பெரியவங்க சொல்றது எந்த ரெக்கார்டுலயும் கிடைக்காது. முதல் தடவை போனப்ப எங்க ஊர்ல யாரும் பேசல, நாலாவது தடவை தான் ஒரு ஆயா திண்ணையில உக்கார சொன்னாங்க.

பெரியவங்களை வருஷம் கேக்காதீங்க, அவங்களுக்கு அது தேவைப்படல. "புயலுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேளுங்க. அந்த ஆயா "நந்தன வருஷப் புயல்ல எம் பொண்ணு கைக்குழந்தை"ன்னு சொன்னாங்க. நந்தன வருஷம் 1952-53, நாகப்பட்டினம் புயல் 1952 நவம்பர் 30. அப்ப அந்த பொண்ணு பொறந்த வருஷம், அவங்க கல்யாணம் கட்டி ஊருக்கு வந்த காலம், அப்ப தெருவுல எத்தனை குடிசைங்கிறது வரைக்கும் வரிசையா வந்துடுச்சு. தமிழ் வருஷம் 60க்கு ஒரு தடவை திரும்பி வரும், 1987-88 பிரபவ, அதுல இருந்து எண்ணிக்கிட்டா போதும். மேட்டூர் அணை திறந்தது 1934, அதுக்கு முன்னாடி பின்னாடின்னும் கேக்கலாம். ஒரே விஷயத்தை ரெண்டு தெருவுலயும் தனித்தனியா கேளுங்க, வேற வேற சொன்னா ரெண்டையும் எழுதுங்க.

1916ல சென்னைப் பல்கலைக்கழகத்துல எக்னாமிக்ஸ் பேராசிரியரா இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை வெச்சு கிராம சர்வே ஆரம்பிச்சாரு. இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம், தூசி எல்லாம் அப்ப எடுத்த ஊருங்க, அப்புறம் 1930கள்லயும் அதுக்கு பிறகும் அதே ஊர்களுக்கு திரும்பப் போயி எடுத்தாங்க. வீடு, மாடு, கடன், கூலின்னு சாதாரண கேள்வி தான் கேட்டாங்க, இன்னைக்கு அது பொக்கிஷம். நீங்களும் அதையே செய்யுங்க: வீட்டுக்கு வீடு போயி இப்ப எத்தனை பேரு இருக்காங்க, எத்தனை பேரு திருப்பூர், சென்னை, வெளிநாடு, பூட்டின வீடு எத்தனைன்னு தேதி போட்டு எழுதுங்க. வெளியில காட்டும்போது தனி ஆள் பேரு வேண்டாம், தெரு வாரியா தொகை போதும். ஸ்கூல் அட்மிஷன் ரெஜிஸ்டர்ல முதல் பக்கத்தை ஹெட்மாஸ்டர் அனுமதியோட பாருங்க, எந்த வருஷம் எந்த தெருவுல இருந்து முதல் பொண்ணு சேந்தாங்கிறது அதுல தெரியும்.

எழுதி முடிச்சதும் பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டு, பக்கத்துக்கு பக்கம் பாதி காலியா விட்டு, கிராம சபை நடக்குற அன்னைக்கு சத்தமா வாசிங்க. படிக்கத் தெரியாதவங்க திருத்தம் சொல்றதுக்கு அதுதான் வழி. எங்க ஊர்ல மே 1 அன்னைக்கு வாசிச்சதுல மட்டும் பதினேழு திருத்தம் வந்தது, அதுல ஒண்ணு நான் வாய்க்கால்னு எழுதியிருந்தது வாய்க்காலே இல்ல, வடிகால்னு.