காலேஜ் டான்ஸ் டிராமாவுக்கு ஃபண்டும் கூட்டமும் சேர்ப்பது எப்படி? முதல் தடவை பண்றவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

காலேஜ்ல ஒரு நாட்டிய நாடகம் போடணும்னு முடிவு பண்ணிட்டீங்க, டான்ஸ் எப்படியும் ரெடியாயிடும், ஆனா ஹால் வாடகைய யாரு குடுப்பா, அந்த ஹால் நிறைய ஆளு எங்கேர்ந்து வரும்ங்கறதுலதான் முக்காவாசி டீம் திணறுது. இதுல திருநெல்வேலி பக்கம் ஒரு காலேஜ் டீம் குற்றாலக் குறவஞ்சி (குற்றாலநாதர் மேல ஆசப்பட்ட வசந்தவல்லிக்கு, சிங்கிங்கற குறத்தி குறி சொல்ற கதை) போடுதுன்னு வச்சுக்கிட்டு சொல்றேன், உங்க ஊரும் கதையும் வேறன்னாலும் வழி இதேதான்.

"எங்க ப்ரோக்ராமுக்கு ஏதாச்சும் ஹெல்ப் பண்ணுங்க"ன்னு பொதுவா கேட்டா நூறு, இருநூறு வரும். இந்தக் காட்சிக்கு, இந்தச் செலவுக்கு, இவ்ளோ ரூபான்னு கேட்டுப் பாருங்க, குடுக்கறவங்களுக்கு தன் காசு எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும், மனசாரத் தருவாங்க.

ஸ்டெப் 1: செலவ ஒண்ணுவிடாம எழுதுங்க

ஹால், லைட், சவுண்ட், காஸ்ட்யூம் வாடகை, டெம்பிள் ஜுவல்லரி செட், மேக்கப், சவுரி, பூ, வீடியோ, பிள்ளைங்களுக்கு டிபன். இதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். விட்டுப்போறது எதுன்னா ஹால்ல ஏசிக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் தனியா பில் போடுவாங்களா, முதல் நாள் ஸ்டேஜ் ரிகர்சலுக்கு எத்தன மணி நேரம் தருவாங்க, அட்வான்ஸ் திரும்ப வருமா, இதையெல்லாம் புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிடுங்க.

பக்கவாத்தியம் லைவா வைக்கறதா இருந்தா நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்றது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல்னு ஒவ்வொருத்தருக்கும் ஷோ அன்னிக்கு மட்டும் இல்ல, ரிகர்சலுக்கும் சம்பளம் உண்டு, வெளியூர்லேர்ந்து வந்தா போக்குவரத்தும் தங்கற இடமும் உண்டு. பட்ஜெட் பத்தலன்னதும் மொதல்ல அவங்க தொகைல கை வைக்காதீங்க, அவங்க பொழப்பே அதுதான். மொத்தத்துக்கு மேல பத்து சதவீதம் கைல இருக்கற மாதிரி கணக்கு போடுங்க.

ஸ்டெப் 2: தேதி

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் நடக்கற வாரத்துல ஊரே டவுன்ல நிக்கும், அப்ப ஷோ வச்சா ஹால் காலியாத்தான் கெடக்கும். செமஸ்டர் எக்ஸாம், முகூர்த்த நாள் ரெண்டும் கூட பாருங்க, முகூர்த்தத்துல ஹாலும் கிடைக்காது, மேக்கப்காரங்களும் கிடைக்க மாட்டாங்க.

ஸ்டெப் 3: காசு எந்த அக்கவுண்ட்ல வரணும்

யாரோ ஒரு ஸ்டூடண்ட்டோட ஜிபே நம்பர்ல வாங்கவே வாங்காதீங்க. காலேஜ் இல்ல மாணவர் மன்றத்தோட அக்கவுண்ட், ரெண்டு பேர் கையெழுத்து, பொறுப்புக்கு ஒரு ப்ரொஃபசர், வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் நம்பர் போட்ட ரசீது. "80ஜி உண்டா?"ன்னு, அதாவது குடுத்த நன்கொடைக்கு வருமான வரில விலக்கு உண்டான்னு, சில பேர் கேப்பாங்க. வாங்கற டிரஸ்ட்டுக்கு அந்த ரெஜிஸ்ட்ரேஷன் இருந்தாதான் உண்டு, கேஷா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா விலக்கு கிடையாது, அவங்க புது வரி முறைல இருந்தாலும் கிடையாது. அதனால இல்லாதத இருக்குன்னு சொல்லி வாங்காதீங்க.

வெளிநாட்டுல இருக்கற சீனியர்ஸ் அனுப்பறேன்னு சொன்னா கொஞ்சம் நிதானிங்க. இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க தன் சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்பினா பிரச்சனை இல்ல. அந்த நாட்டு சிட்டிசன் ஆயிட்டாங்கன்னா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற கார்டு) இருந்தாலும், அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாம வாங்கக்கூடாது.

ஸ்டெப் 4: பாட்டு உரிமை

குறவஞ்சிய எழுதின திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டு ஆளு, வரிகளுக்கு யார்கிட்டயும் அனுமதி வேண்டாம். நம்ம நாட்டுல எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும்தான் காப்பிரைட். ஆனா இப்ப யாராவது மெட்டு போட்டிருந்தா அந்த மெட்டுக்கும், ரெக்கார்டிங்க ஓடவிட்டா அந்த ரெக்கார்டிங்குக்கும் தனியா உரிமை உண்டு. காலேஜுக்குள்ள ஸ்டூடண்ட்ஸ், டீச்சர்ஸ், பெத்தவங்க முன்னாடி மட்டும் ஆடறதுக்கு சட்டத்துல சலுகை இருக்கு, டிக்கெட் போட்டு ஊரக் கூப்பிட்டா அந்தச் சலுகைய நம்பக்கூடாது.

ஸ்டெப் 5: காட்சிக்கு ஏத்த ஸ்பான்சர்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேல. கதைய காட்சி காட்சியா பிரிச்சு ஒரு நோட்ல எழுதி, பக்கத்துல இது யாருக்கு மனசுல ஒட்டும்னு எழுதுங்க. காணாமப்போன தன் பொண்டாட்டி சிங்கியக் கண்டுபிடிச்சு சிங்கன் ஒவ்வொரு நகையா காட்டி இது ஏதுன்னு கேக்க, எந்த ஊர்ல குறி சொல்லி எந்த நகை கிடைச்சதுன்னு அவ சொல்லுவாளே, அந்தக் காட்சிய நகைக்கடைக்காரர்கிட்ட கொண்டுபோங்க. குறத்தி மலைவளம் பாடற காட்சிய குற்றாலம், தென்காசி லாட்ஜ்காரங்ககிட்ட கொண்டுபோங்க, அது அவங்க மலை. வசந்தவல்லி பந்தாடற காட்சிக்கு ஸ்போர்ட்ஸ் கடை.

கடைக்குப் போற நேரம் முக்கியம். காலைல கடை திறந்து போணி ஆகறதுக்கு முன்னாடி போய் கை நீட்டாதீங்க, அது அவங்களுக்கு மனக்கஷ்டம். மதியம் மூணு மணி வாக்குல கூட்டம் கம்மியா இருக்கும்போது, மொதலாளி இருக்காரான்னு கேட்டுட்டு, ரெண்டு பேரா போங்க. பேசறது இப்படி இருந்தா போதும்:

"அண்ணாச்சி, நாங்க காலேஜ் பிள்ளைங்க, குற்றாலக் குறவஞ்சி போடறோம். அதுல சிங்கி நகையப் பத்தி பாடற காட்சி இருக்கு. அந்தக் காட்சிக்கு நகை செட், காஸ்ட்யூம் வாடகை பன்னெண்டாயிரம் ஆகுது. அத உங்க கடை பேர்ல பண்ணலாமான்னு கேக்க வந்தோம்."

"எவ்வளவும்மா? பன்னெண்டா? முழுசா முடியாதே."

"பாதி போதும் அண்ணாச்சி, மீதிக்கு வேற ஆளு பாத்துக்கறோம். காட்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க பேரச் சொல்லுவோம், விழா மலர்ல அரைப்பக்கம் விளம்பரம் போடுவோம்."

காசு முடியாதுன்னா பொருளா கேளுங்க, பூக்கடைல பூ, ஹோட்டல்ல டிபன், ப்ரெஸ்ல நோட்டீஸ். அதுவும் பட்ஜெட்ல கழியுற பணம்தான். கைல ஒரே ஒரு பக்க லெட்டர், காலேஜ் சீலோட. அதுல நான் கட்டாயம் ரெண்டு வரி சேர்ப்பேன்: இந்தக் குறவஞ்சிக்காக மதுரைய ஆண்ட நாயக்க ராஜா முத்து விஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலமே மானியமா குடுத்தாரு, அந்த இடத்துக்குப் பேரு குறவஞ்சிமேடு. 1944ல ருக்மிணி தேவி, தான் ஆரம்பிச்ச கலாக்ஷேத்ரா டான்ஸ் ஸ்கூல்ல இத நாட்டிய நாடகமா மேடையேத்தினாங்க. நம்ம ஊர்க் கதைக்கு இவ்ளோ மதிப்பு இருந்திருக்குன்னு தெரிஞ்சா கேக்கறவர் முகமே மாறும்.

ஒரு கண்டிஷன், கடை போர்ட மேடைக்குள்ள கொண்டுவரச் சொன்னா பணிவா மறுத்துடுங்க. பேரு மேடைக்கு வெளியதான்.

ஸ்டெப் 6: மலரும் டிக்கெட்டும்

மலர் போட்டா பின் அட்டை, உள் அட்டை, முழுப்பக்கம், அரைப்பக்கம்னு ரேட் பிரிச்சு, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே விளம்பரக் காச வாங்கிடுங்க, அப்புறம் தரேன்னு சொன்ன காசு பாதி வராது. அச்சுச் செலவு விளம்பரத்தத் தாண்டும்னா மலரே வேண்டாம். டிக்கெட் ஒரு ஆளுக்கு 500 ரூபாய்க்குள்ள வச்சா டான்ஸ் நிகழ்ச்சிக்கு ஜிஎஸ்டி வராது, உள்ளாட்சி கேளிக்கை வரி பத்தி மட்டும் ஹால் ஆபீஸ்லயும் கார்ப்பரேஷன்லயும் விசாரிச்சுக்கோங்க. ஆளுக்கு இத்தன டிக்கெட் வித்தே ஆகணும்னு பிள்ளைங்க தலைல கட்டாதீங்க, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை கடன் வாங்கி கட்டும்.

ஸ்டெப் 7: விளம்பரம்

ஆறு வாரம் முன்னாடி போஸ்டர், அதுல தேதி, நேரம், இடம், க்யூஆர் கோடு, அவ்ளோதான், பதினஞ்சு பேர் ஃபோட்டோ வேண்டாம். மூணு வாரம் இருக்கும்போது ரீல்ஸ். பந்தாடற காட்சிதான் ரீலுக்குன்னே அமைஞ்சது, கால் வேகமா போகும், கை பந்த அடிக்கும், கண்ணு பந்து கூடவே ஓடும். நேரா வசந்தவல்லி கண்ணுலேர்ந்து ஆரம்பிங்க, டைட்டில் கார்டு போட்டா ஜனங்க தள்ளிட்டுப் போயிடுவாங்க. முப்பது செகண்டுக்கு மேல வேண்டாம், உங்க பாட்டையே போடுங்க, அடுத்தவங்க ரெக்கார்டிங் போட்டா ம்யூட் ஆயிடும்.

ரீலு பாக்கறவங்க எல்லாரும் ஹாலுக்கு வர மாட்டாங்க. வர்றவங்க யாருன்னா ஆடற பிள்ளையோட அத்த, சித்தப்பா, பக்கத்து வீடு, ஊர்ல இருக்கற மத்த டான்ஸ் க்ளாஸ் பிள்ளைங்க, தமிழ்த்துறை ஆளுங்க. டான்ஸ் டீச்சர்கள நேர்ல போய்க் கூப்பிடுங்க, ஒரு டீச்சர் வந்தா கூடவே ஒரு க்ளாஸே வரும். பேப்பர்ல "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே எழுதிக் குடுங்க, லோக்கல் கேபிள், திருநெல்வேலி வானொலி நிலையத்துக்கும் ஒரு லெட்டர். ரோட்டுல அனுமதி இல்லாம ஃப்ளெக்ஸ் வைக்கவே வைக்காதீங்க, 2019ல சென்னைல பேனர் விழுந்து ஒரு பொண்ணு உயிரே போச்சு.

ஸ்டெப் 8: ஷோ முடிஞ்ச பிறகு

ஒரு வாரத்துக்குள்ள வரவு செலவ ஒரே தாள்ல எழுதி, காசு குடுத்த எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. நகைக்கடை அண்ணாச்சிக்கு அந்த நகைக் காட்சி ஃபோட்டோவ பிரிண்ட் போட்டு நேர்ல கொண்டுபோய்க் குடுங்க. மிச்சம் இருந்தா மன்ற அக்கவுண்ட்லயே விட்டுட்டு, யாரு எவ்ளோ குடுத்தாங்க, யாரு அடுத்த வருஷம் வாங்கன்னு சொன்னாங்கன்னு ஒரு நோட்ல எழுதி ஜூனியர்ஸ் கைல குடுத்துடுங்க.