பாடசாலையில் தேசியக் கொடி ஏற்றுவது எப்படி? முதன்முறை பொறுப்பெடுப்பவர்களுக்கு

இல்ல மெய்வல்லுநர் போட்டி, பரிசளிப்பு விழா, இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 என்று எது வந்தாலும் கொடிக்கம்பப் பொறுப்பு புதிதாக வந்த ஆசிரியர் தலையிலோ சாரணப் பெடியன்கள் தலையிலோதான் விழும். கொடிதானே, கட்டி இழுத்தால் சரி என்று நினைப்பீர்கள். பிரதம விருந்தினர் கயிற்றை இழுக்க, கொடி பாதியில் சிக்கி நிற்க, மைதானமே உங்களைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் விஷயம் விளங்கும். அதனால் முக்கால்வாசி வேலையை முதல்நாள் பின்னேரமே முடித்துவிடுங்கள்.

முதலில் கப்பி. கடற்கரையோரப் பாடசாலை என்றால் உப்புக்காற்றில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். வெறும் கயிற்றை மேலும் கீழும் இரண்டு மூன்று தரம் ஓட்டிப் பாருங்கள், கிணற்றுக் கப்பி மாதிரிக் கிறீச்சிட்டால் எண்ணெய் விட வேண்டும். கயிறு நைந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். நைலோன் கயிறு நல்லதுதான், ஆனால் வழுக்கும், முடிச்சை இறுக்கிப் போடுங்கள்.

அடுத்தது கொடியின் பக்கம். பிழை வருவது பெரும்பாலும் இங்கேதான். பச்சைப் பட்டி இருக்கும் ஓரம் கயிற்றுப் பக்கம் வரவேண்டும், அதற்கு அடுத்தது செம்மஞ்சள், பிறகுதான் சிங்கம். சிங்கம் கம்பத்தைப் பார்த்து நிற்கும், வாள் மேல்நோக்கி இருக்கும். கொடி மடித்திருக்கும்போது சிங்கம் தெரியாது, ஆகவே ஒருமுறை முழுதாக விரித்துப் பார்த்து, மேல் மூலையில் இருக்கிற கயிற்றில் சின்னதாக ஒரு நூல் கட்டி வையுங்கள். மறுபக்கம் நின்று பார்ப்பவர்களுக்குப் பட்டிகள் வலப்பக்கம் தெரியும், யாராவது வந்து "கொடி மாறிப்போச்சு" என்றால் பதறாதீர்கள்.

பிள்ளைகள் நிறங்களைப் பற்றிக் கேட்பார்கள். செம்மஞ்சள் தமிழரையும் பச்சை முஸ்லிம்களையும் குறிக்கிறது, மூலைகளில் உள்ள நான்கு அரசிலைகள் 1972இல் வந்தவை. "சிங்கம் நிற்கிற கட்டத்துக்கு வெளியே ஏன் எங்களை வைத்தார்கள்?" என்று ஒரு உயர்தர மாணவன் கேட்டால் அதட்டி இருத்தாதீர்கள். கொடியைத் தீர்மானித்த குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசனே அன்றைக்கு அதற்கு இணங்கவில்லை. பெப்ரவரி 4ஐக் கரிநாள் என்று கறுப்புக்கொடி கட்டுகிற ஊர் இது, அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

சரி, விழா நாள். மற்றக் கொடிகளும் ஏறுகின்றன என்றால் தேசியக் கொடிதான் முதலில் ஏறும், கடைசியாக இறங்கும். வரிசையில் அதன் இடம் பார்வையாளருக்கு இடது ஓரம், பாடசாலைக் கொடியும் இல்லக் கொடிகளும் அதற்கு அடுத்தே. கயிற்றை விருந்தினர் கையில் கொடுக்கும்போது எந்தப் பக்கத்துக் கயிற்றை இழுப்பது என்று மெல்லச் சொல்லிவிடுங்கள், பெரிய ஆட்களும் மாறி இழுப்பார்கள். கீதத்தைத் தமிழில் பாடலாமா என்று இன்னமும் கேட்கிறார்கள். தாராளமாகப் பாடலாம், அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே தமிழ் வரிகள் இருக்கின்றன.

சின்னக் கொடியைச் சட்டையில் குத்துவது என்றால் இடப்பக்க நெஞ்சில், வாள் மேலே இருக்கும்படி. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சட்டை ஊசியை நீங்களே குத்திவிடுங்கள். கடதாசிக் கொடி கொடுத்தால் விழா முடிந்ததும் திரும்பச் சேர்த்தெடுக்க இரண்டு மாணவத் தலைவர்களை விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தநாள் மைதானம் கூட்டும்போது குப்பையோடு போய்விடும்.

பொழுதுபடுமுன் இறக்கிவிட வேண்டும். நிலத்தில் படாமல் ஒருவர் ஏந்திப் பிடிக்க, மற்றவர் கயிற்றை விடட்டும். நனைந்திருந்தால் காயவிட்டு மடியுங்கள். சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசுகிற மாதங்களில் வெளி ஓரம் சீக்கிரம் கிழியும், கிழிந்ததை ஏற்றாதீர்கள், அதிபரிடம் புதிது கேளுங்கள். துக்க நாளில் அரைக்கம்பத்தில் விடுவதானால் நேரே பாதியில் நிறுத்தக்கூடாது, உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் பாதிக்கு இறக்க வேண்டும். பின்னேரம் கழற்றும்போதும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் கீழே இறக்குவது.