துண்டறிக்கையில் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி எழுதுவது எப்படி?

உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை. முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "நம் ஊருக்குப் பேருந்து வசதி செய்து தரப்படவில்லை. சாலைகளும் சீரமைக்கப்படாமல் உள்ளன. குடிநீர்ப் பிரச்சினையும் தீர்ந்தபாடில்லை." குறை மூன்று, முடிப்பும் மூன்று விதம். படித்தவர் மனதில் ஒன்றும் தங்காது.

முதலில் குறைகளைத் தனித்தனி வரியாக எழுதி, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே வினைமுற்றைத் தேடுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியத் தொடக்கத்தைவிட முடிவைத் திருப்புவது சுலபம்.

"பஸ் கேட்டோம், வரவில்லை.
ரோடு கேட்டோம், வரவில்லை.
தண்ணீர் கேட்டோம், வரவில்லை."

அடுத்தது வரிசை. அதிகம் வலிக்கிற குறை கடைசியில் வரட்டும். தண்ணீரில் தொடங்கி பஸ்ஸில் முடித்தால் வேகம் இறங்கிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: அடுக்கியதை உடைக்க வேண்டும். "ஓட்டுக் கேட்க மட்டும் தவறாமல் வருகிறார்கள்." அதே வினை, இப்போது எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. இந்த வரி இல்லாவிட்டால் மேலே இருப்பது வெறும் புகார்ப் பட்டியல்.

சர்ச்சில் 1940 ஜூன் 4 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் செய்ததும் இதுதான். 'போரிடுவோம்' என்பதை 7 முறை சொன்னார். கடற்கரை, வயல், தெரு, குன்று என்று இடம் உள்நாட்டுக்குள் நகர்ந்துகொண்டே வரும். கடைசியில் 'ஒருபோதும் சரணடைய மாட்டோம்' என்று வினையே மாறும்.

ஏழு முறை மேடைக்குச் சரி. கேட்பவரால் திரும்பிப் பார்க்க முடியாது. தாளில் மூன்று போதும். ஒரு சொல்லை அடுக்க நன்னூல் தரும் எல்லையே நான்குதான்.

கெடுவது எங்கே? 'வரவில்லை, வந்தபாடில்லை, எட்டியும் பார்க்கவில்லை' என்று சொல்லை மாற்றி மாற்றி எழுதும் பள்ளிக்கூடப் பழக்கத்தில். நான்காவது வரி வேண்டுமே என்று உப்புச்சப்பில்லாத குறையைச் சேர்ப்பதில். ஒரே பக்கத்தில் இன்னோர் அடுக்கைத் தொடங்குவதில், இரண்டும் நீர்த்துப்போகும். ஆதாரம் இல்லாத அடுக்கு வெறும் சத்தம். உடைத்த வரிக்கு அடுத்தே மனு கொடுத்த தேதியையும் மனு எண்ணையும் போடுங்கள்.

இடம் போதவில்லை என்று டிடிபி செய்பவர் நான்கு வரியையும் ஒரே பத்தியாக்கிவிடுவார். புரூஃபில் பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.